மாகாண சபைத் தேர்தலைத் தடுப்பது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் மாகாண சபைத் தேர்தல் என்ற பேச்சு எழுந்தாலே, அந்தச் சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் போதுமா, சமஷ்டி (கூட்டாட்சி) வேண்டுமா என்ற இடத்துக்கு விவாதம் போய்விடுகிறது. அது நடக்கட்டும். ஆனால் தேர்தல் நின்றது 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டத்தில் ஒரு படி முடியாமல் கிடப்பதால்.

பெண் வேட்பாளர்களின் பங்கை உயர்த்தவென்று வந்த சட்டமூலம் அது. நாடாளுமன்றக் குழுநிலை விவாதத்தில் அதற்குள் புதுத் தேர்தல் முறையையே நுழைத்தார்கள்: பாதிப்பேர் தொகுதிவாரியாக, மீதிப்பேர் விகிதாசாரப்படி. முன்பு மாவட்டமே அலகு. தொகுதி என்று வந்ததும் எல்லை வகுக்க வேண்டியதாயிற்று. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 அன்று நாடாளுமன்றத்தில் தோற்றது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்துத்தான் வாக்களித்தார். அப்படித் தோற்றால், பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு 2 மாதத்துக்குள் ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கை வரவேயில்லை. பழைய முறை நீக்கப்பட்டாயிற்று, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. இந்தச் சட்டத்துக்கு எங்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கைதூக்கியது. கொழும்பு அரசை மட்டும் திட்டுவோர் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2013 செப்டெம்பரில் 38 பேருடன் தெரிவான வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது. அன்றிலிருந்து நிர்வாகம் ஆளுநரின் கையில். அவருக்குக் கடிவாளமே இல்லை என்பது தவறு. ஆலோசனை சொல்ல முதலமைச்சரும், 4 பேருக்கு மேற்படாத அமைச்சர்களும் உண்டு. சபை இயற்றும் நியதிச்சட்டத்தை (மாகாணச் சட்டத்தை) அவர் திருப்பி அனுப்பினால் சபை மறுபடி நிறைவேற்றலாம். அதன்பின் அவர் ஒப்புதல் தரவேண்டும், அல்லது ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்கு விட வேண்டும். வேண்டுமென்றே அரசியலமைப்பை மீறினாலோ, இலஞ்ச ஊழலில் ஈடுபட்டாலோ, மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது எங்கள் சபையில் 26 பேர், அவரை நீக்கும்படி ஜனாதிபதியைக் கோரலாம். இவற்றில் எதற்கும் சபை இருக்க வேண்டும். மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கும் வழி இப்போதும் திறந்திருக்கிறது. ஆனால் நீதிமன்றம் சட்டம் மீறப்பட்டதா என்று பார்க்குமே தவிர, எந்த றோட்டை முதலில் போடுவது என்று கேட்காது. அதைக் கேட்க உறுப்பினர்தான் வேண்டும்.

எல்லை நிர்ணயம் முடியும்வரை பழைய விகிதாசார முறையில் தேர்தல் நடத்தச் சிறியதொரு திருத்தம் போதும். வரைவதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. 2017 சட்டத்தை நீக்குவதாக மட்டும் எழுதினால் பழைய பிரிவுகள் தானாக உயிர்பெறா. அவற்றை வெளிப்படையாக மீள இட வேண்டும். முழுதாக நீக்கினால் பெண்களுக்கான ஏற்பாடும் அதோடு போய்விடும். அதைத் தனியே காப்பாற்ற வேண்டும். வாக்குக் கேட்டு வருபவரிடம் “13க்கு ஆதரவா?” என்று கேட்பதை விட, இந்தத் திருத்தத்துக்கு எப்போது கைதூக்குவீர்கள் என்று கேட்பது பயன் தரும்.

அதுவரை செலவுக் கணக்கைக் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த ஆண்டு, எந்தத் திணைக்களம், எந்த வேலை என்று குறித்து எழுதுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம்.

வாசகர்,
கோண்டாவில்