ஜூலை 29 அன்று ஒரு பாடவேளை வேண்டும்: கன்னியாகுமரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் மே 21ஆம் நாளையொட்டி அரசு அலுவலகங்களில் பயங்கரவாத எதிர்ப்பு உறுதிமொழி ஏற்கப்படுகிறது. பள்ளிகளுக்கு அது கோடை விடுமுறைக் காலம். அதனால் 1991இல் அதே நாளில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி எப்படிக் கொல்லப்பட்டார் என்பதை நம் பிள்ளைகள் ஆசிரியர் வாயிலாகக் கேட்க வாய்ப்பே அமைவதில்லை. கைப்பேசியில் கண்டதுதான் அவர்களுக்கு வரலாறு.

பழவிளை, பெருமாள்புரம் போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ள மாவட்டம் இது. ஓய்வு பெறுவதற்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன், முகாமிலிருந்து வந்த இன்னொருவனிடம், "ஒங்க ஆளுவதானே கொன்னது?" என்று கேட்டான். கேட்கப்பட்டவன் பிறந்ததே அக்கொலை நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. கேட்டவனை அதட்டி உட்கார வைத்தேன். இருவருக்கும் எதையும் விளக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது நீலன் திருச்செல்வத்தைப் பற்றி. சட்ட அறிஞரும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினருமான அவர், இலங்கையில் அதிகாரப் பகிர்வுக்கான அரசியலமைப்பு யோசனைகளை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1999 ஜூலை 29 காலை, கொழும்பில் அலுவலகம் சென்றுகொண்டிருந்தபோது, ராஜீவ் காந்தியைக் கொன்ற அதே விடுதலைப் புலிகள் அனுப்பிய தற்கொலைக் குண்டுதாரி அவரது காரருகே வெடித்ததில் உயிரிழந்தார். மரணத்தை நாம் போற்றக் கூடாது, உயிரைத்தான் கொண்டாட வேண்டும் என்ற பொருளில் அவர் நாடாளுமன்றத்தில் பேசிச் சில வாரங்களே ஆகியிருந்தன. தமிழருக்காகச் சட்டத்தின் வழியில் உரிமை தேடிய ஒரு தமிழரைக் கொன்ற அந்த வெடிப்பை அறிந்த எந்த மாணவனும், முகாமிலிருந்து வரும் தன் தோழனைப் பார்த்து "ஒங்க ஆளுவ" என்று சொல்லத் தயங்குவான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற பெண், காலைத் தொட்டு வணங்குபவள் போலக் குனிந்துதான் இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தாள். பெரியவர்களை வணங்கும் பழக்கமே கொலைக்குத் திரையானதையும், அருகில் நின்ற காவலர்களும் கட்சித் தொண்டர்களும் உடன் மாண்டதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். ராஜீவ் காந்தி கையெழுத்திட்ட 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின், இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்த காலத்தில் ஈழத்தமிழ்க் குடிமக்கள் பட்ட துன்பங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது கொலைக்கு நியாயம் கற்பிப்பதாகாது. கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று விழும் சூரியக் கதிரைக் காட்டும் நாம், அங்கே வைக்கப்பட்டிருந்த அஸ்தி ஒரு கொலைக்குப் பின் வந்தது என்பதையும் பல நேரங்களில் சொல்லாமலே கடந்துவிடுகிறோம்.

ஜூலை 29 பெரும்பாலும் பள்ளி வேலைநாளாகவே அமையும். அன்று ஒன்பதாம் வகுப்பு முதல் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கவும், முகாம் பிள்ளைகள் எவரையும் எழுப்பிக் கேள்வி கேட்கலாகாது என ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே அறிவுறுத்தவும் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். பாடக் குறிப்பை எழுதித்தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மார்த்தாண்டம்