ரைல்ஸின் முதல் வருஷம்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

வென்ட்வொர்த்வில், சிட்னி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான் சொல்வது உங்கள் காதில் சரியாக விழுவதில்லை. அம்மா நடுவில் இருந்து எடுத்துச் சொல்வதில் பாதி வேறு கதையாகிவிடுகிறது. அதனால் எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம்மூர்க் கபடி அணியை நீங்கள் மறுபடி கையில் எடுத்திருக்கிறீர்களாமே. எடுத்த கையோடு வரிசையாகத் தோல்வி, பசங்க முகம் கொடுத்துப் பேசுவதில்லை, டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு குறை சொல்கிறார்கள் என்று அம்மா வருத்தப்பட்டாள். அப்புறம், நான் டிவி முன்னால் கத்துகிற ஆட்டம் என்ன என்று நீங்கள் கேட்டதாகவும் சொன்னாள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் எங்கள் பகுதியின் பரமட்டா அணிக்கும் இந்த வருஷம்தான் ரைல்ஸ் என்று ஒரு புதுப் பயிற்சியாளர் வந்தார். அவர் பட்ட பாடு உங்களுக்கு நன்றாகப் புரியும்.

ஆட்டத்தின் பெயர் ரக்பி லீக். இங்கே சும்மா ‘ஃபூட்டி’ என்பார்கள். ஒரு பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிஷம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளிகளின் வரிசைக்குள் புகுந்து ஓட வேண்டும். கையால் கொடுப்பதானால் பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம், முன்னால் எறியக் கூடாது. ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்த்தால் ஒரு பிடி. ஆறு பிடிக்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ‘ட்ரை’, 4 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் இன்னும் 2. ஆறாவது பிடியிலும் மாட்டிக்கொண்டால் பந்து எதிராளி கைக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது பிடி முடிந்ததும் பெரும்பாலும் தூரமாக உதைத்துவிடுவார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டியதில்லை என்பதைத் தவிர, பார்க்கப் பார்க்க எனக்கு நம் கபடிதான் ஞாபகம் வரும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கபடியில் ரைடரைப் பிடித்துவிட்டால் அந்த ரைடு முடிந்தது. இங்கே பிடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னால் உருட்டிவிடுவான். அதற்குள் பிடித்த அணி 10 மீட்டர் பின்னால் ஓடி மறுபடி வரிசை கட்ட வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற ஆட்கள் விழுந்து, எழுந்து, பின்னால் ஓடி, திரும்ப முன்னால் வந்து மோதுவார்கள். ஒருத்தன் சோம்பினால் அந்த இடத்தில் ஓட்டை. ட்ரை போடுகிறவன் படம்தான் பேப்பரில் வரும். ஆட்டம் தோற்பது அந்த 10 மீட்டரில்தான்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் இருக்கிற ஒரு தாத்தா. பிறந்ததிலிருந்து பரமட்டாதான் அவருக்கு ஊர். அறைக்குள் போனால் சுவர், போர்வை, காபிக் கோப்பை எல்லாம் அணியின் நீலமும் மஞ்சளும்தான். அணியின் பெயர் ஈல்ஸ், அதாவது விலாங்கு மீன். ‘விலாங்கைப் பேராக வைத்துக்கொண்டு எல்லாக் கோப்பையும் கையிலிருந்து வழுக்குகிறது’ என்று அவரே கேலி செய்துகொள்வார். வேறு யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார், அது வேறு.

1947-இல் பிறந்த கிளப் இது. முதல் கோப்பைக்கு 1981 வரை காத்திருந்தார்கள். ஜாக் கிப்சன் என்ற பயிற்சியாளர் வந்து, நியூடவுன் அணியை 20-11 என்று ஜெயித்தார்கள். அன்று இரவு ஜனங்கள் சந்தோஷம் தாங்காமல் தங்கள் சொந்த மைதானமான கம்பர்லண்ட் ஓவலின் மரக்கட்டை ஸ்டாண்டையே கொளுத்திவிட்டார்கள்! தோற்றுக் கொளுத்தியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஜெயித்துக் கொளுத்தினவர்கள் இவர்கள்தான். ‘நீங்களும் இருந்தீர்களா?’ என்று தாத்தாவிடம் கேட்டால் பதில் வராது, சிரிப்புதான் வரும். அடுத்த இரண்டு வருஷமும் கோப்பை இவர்களுக்கே. பிறகு 1986-இல் கான்டர்பரி அணியை 4-2 என்று ஜெயித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு ட்ரைகூட இல்லை, வெறும் பெனால்டி உதைகள். பிடி ஆட்டத்தையே விரும்புகிற உங்களுக்கு அது பிடித்திருக்கும்.

அதுதான் கடைசி. 39 வருஷம் ஆகிறது. நடுவில் 2001, 2009, 2022 என்று மூன்று இறுதிப் போட்டிக்குப் போய் மூன்றிலும் தோற்றார்கள். 2009-இல் ஜெயித்த மெல்போர்ன் ஸ்டார்ம் அணி, ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்கிற சம்பள உச்சவரம்பை மீறியது பிறகு தெரிந்து, அடுத்த வருஷம் அந்தப் பட்டத்தைப் பறித்தார்கள். பறித்ததைப் பரமட்டாவுக்குக் கொடுக்கவில்லை, யாருக்குமே கொடுக்கவில்லை. தாத்தாவுக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் அடங்கவில்லை. 2016-இல் பரமட்டாவே அதே தப்பில் மாட்டிப் பட்டியலில் 12 புள்ளிகள் இழந்ததைச் சொன்னால் மட்டும் அவருக்கும் உங்களைப் போலவே காது மந்தமாகிவிடும்.

இப்படி இருக்கிற இடத்தில்தான், போன வருஷம் மே மாதம் பிராட் ஆர்தரை அனுப்பினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அணியை நடத்தியவர், 2022 இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர். அந்த சீசன் 17 அணிகளில் 15-ஆவது இடத்தில் முடிந்தது. அடுத்து யார் என்று பார்த்தால் ஜேசன் ரைல்ஸ். ஆடுகிற காலத்தில் முன்வரிசையில் முட்டி மோதுகிற ஆள், ஆஸ்திரேலியாவுக்கும் ஆடியிருக்கிறார். எங்கே வேலை கற்றார் தெரியுமா? அதே மெல்போர்ன் ஸ்டார்மில், துணைப் பயிற்சியாளராக! ‘திருடின வீட்டிலிருந்தே ஆள் கொண்டுவந்திருக்கிறார்கள்’ என்று தாத்தா ஒரு வாரம் புலம்பினார்.

புலம்பலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒன்பது சீசன் ஆடிய கேப்டன் கிளின்ட் கதர்சனைப் போன வருஷக் கடைசியில் விடுவித்தார்கள். இங்கே குழந்தைகள் அவரை ராஜா என்றே கூப்பிடுவார்கள். அவர் சென்ட் ஜார்ஜ் இலவாரா அணிக்குப் போனார். அங்கிருந்த சாக் லோமாக்ஸ் இங்கே வந்தார். கதர்சனின் இடத்துக்கு பென்ரித்திலிருந்து ஐசாயா இயோங்கி என்ற சின்னப் பையன். நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஊருக்குப் பிடித்தவர்களை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு புதுசாக ஒன்றையும் கட்ட முடியாது. உங்களுடைய பழைய கார்னர் ஆட்டக்காரரை உட்கார வைத்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பையனை இறக்கியதற்கு ஊரே திட்டுகிறதாமே. எனக்கு உடனே இயோங்கிதான் ஞாபகத்துக்கு வந்தான்.

சீசன் மார்ச்சில் தொடங்கியது. முதல் ஆட்டம் மெல்போர்னில், ரைல்ஸின் பழைய அணியோடு. 56-18. ஜெயித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தா பாதியில் டிவியை அணைத்துவிட்டார். அடுத்த வாரம் வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 32-6. புதுக் கேப்டன் மிட்செல் மோசஸ் காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்தார். இன்னொரு பக்கம், நடு ஆட்டத்தை நடத்துகிற டிலன் பிரௌன் 2026-இலிருந்து நியூகாசில் அணிக்குப் போவதாகக் கையெழுத்துப் போட்டார். பத்து வருஷ ஒப்பந்தம், சுமார் 1.3 கோடி டாலர் என்று பேசிக்கொள்கிறார்கள். நம் கணக்கில் 70 கோடி ரூபாய்க்கு மேல். போகப்போகிறேன் என்று சொன்னவரையே வைத்துக்கொண்டு முழு சீசனும் ஆட வேண்டும். இந்த நிலைமையில் ஒரு பயிற்சியாளர் அணியிடம் என்னதான் பேசுவார் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. நீங்களாக இருந்தால் என்ன பேசியிருப்பீர்கள்?

முதல் வெற்றிக்கு ஏப்ரல் வரவேண்டியிருந்தது. அதுவும் யாரோடு? கதர்சன் போன அதே சென்ட் ஜார்ஜ் இலவாராவோடு. 23-22, ஒரே ஒரு புள்ளி. பிறகு ஈஸ்டர் திங்கட்கிழமை மோசஸ் திரும்பி வந்தார். மார்ச்சில் துவைத்து அனுப்பிய அதே டைகர்ஸை 38-22 என்று ஜெயித்தார்கள். உடனே ஊர் துள்ளியது, கோப்பை நமக்குத்தான் என்கிற அளவுக்கு. எங்கே? அப்புறமும் ஒரு வாரம் ஏற்றம், இரண்டு வாரம் இறக்கம் என்றுதான் போனது. மோசஸ் மாநில அணிக்காக ஆடப் போய், இரண்டாவது ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் கெண்டைக்காலில் அடிபட்டுத் திரும்பினார்.

வேலை இல்லாத நாளில், ஆட்டம் இங்கேயே நடந்தால் நாங்கள் மைதானத்துக்குப் போவோம். ரயிலில் வெஸ்ட்மீட் போய், அங்கிருந்து புதிதாக விட்டிருக்கிற லைட் ரயில் ஏறினால் கிட்டத்தில் இறக்கிவிடும். எரிந்துபோன அந்தப் பழைய இடத்தில்தான் இப்போது 30,000 பேர் உட்காருகிற மைதானம் நிற்கிறது. 2019-இல் திறந்தது. படிகள் செங்குத்தாக இருப்பதால் எங்கே உட்கார்ந்தாலும் ஆட்கள் மோதுகிற சத்தம் கேட்கும். முதல் தடவை அந்தச் சத்தத்தில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பக்கத்தில் லெபனான்காரர்கள், சமோவாக்காரர்கள், நம்மாட்கள், வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ‘பர்ரா, பர்ரா’ என்று ஒரே குரலில் கத்துவார்கள். மேஸ் ஹில் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை பார்க்கிற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர், ஞாயிற்றுக்கிழமை நீல ஜெர்சியில் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். என்ன திட்டு என்பதை இங்கே எழுத முடியாது.

இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. மைதானத்துக்குப் பக்கத்திலேயே கிளப்பின் விடுதி இருக்கிறது. சாப்பாடு மலிவு, குடும்பத்தோடு போகலாம். ஆனால் உள்ளே வரிசையாகச் சூதாட்ட மெஷின்கள். இந்த ஊரில் பல அணிகளுக்கு அந்த மெஷின் பணம்தான் முதுகெலும்பு. இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற ஆட்கள் சம்பளத்தை அதில் போடுவதைப் பார்த்தால், கைதட்டிய கை கூசுகிறது. உங்கள் மாப்பிள்ளைக்கு இது ஒரு சாக்கு. ‘பேசாமல் கிரிக்கெட் பார்’ என்பார், அதில் சூதாட்டமே இல்லாத மாதிரி.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் வாக்கில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். தோற்கிற ஆட்டத்திலும் அந்த 10 மீட்டர் ஓட்டம் நிற்கவில்லை. மார்ச்சில் பிடித்த இடத்திலேயே முட்டிமேல் கை வைத்து நின்ற அதே ஆட்கள், இப்போது பந்து பின்னால் உருளும் முன்பே வரிசைக்குத் திரும்பியிருந்தார்கள். தாத்தாவிடம் சொன்னேன். ‘அதைத்தான் நான் மே மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், உனக்கு இப்போதுதான் கண் தெரிந்ததா?’ என்றார். ரைல்ஸ் மீதிருந்த கோபம் எப்போது போனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வார இறுதியில் கடைசி ஆட்டம். நியூகாசிலில், நியூகாசிலோடு. பிரௌன் அடுத்த வருஷம் போகப்போகிற அதே அணி. 66-10 என்று அடித்துத் துவைத்துவிட்டுத்தான் வந்தார்கள். நியூகாசிலுக்குக் கடைசி இடம். பரமட்டா 10 வெற்றி, 14 தோல்வியோடு 11-ஆவது. முதல் எட்டு அணிகளுக்குத்தான் இறுதிச் சுற்று, ஆகவே எங்கள் சீசன் முடிந்தது. போன வருஷத்தைவிட நாலு படி மேலே, அவ்வளவுதான். பேப்பரில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் இல்லத்தில் சமையல்காரரிலிருந்து டாக்டர் வரை எல்லோரும் அடுத்த மார்ச்சைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சின்னவன் தானும் ஃபூட்டி ஆட வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். தலையில் அடிபடுவதை நினைத்தால் எனக்குப் பயம். இப்போதைக்கு ஓஸ்டேக் என்ற ஒன்றில் சேர்த்திருக்கிறேன். இடுப்பில் ஒட்டியிருக்கிற நாடாவைப் பிடுங்கினால் பிடித்ததாகக் கணக்கு, மோதல் கிடையாது. நாடா பிடுங்குவதில் கெட்டிக்காரன். உங்கள் கை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது அவனை உங்கள் களத்தில் இறக்கிப் பாருங்கள், ஆனால் பெரிய பசங்களோடு வேண்டாம்.

முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பட்டையைப் போட்டுக்கொண்டுதான் களத்துக்குப் போகிறீர்களா? அம்மாவிடம் கேட்டால் உங்களுக்காகப் பொய் சொல்வாள். நீங்களே எழுதுங்கள். பொங்கல் போட்டிக்கு யார் யாரை இறக்கப்போகிறீர்கள் என்பதையும், அந்தப் பத்தாம் வகுப்புப் பையனின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்