கணினியைக் கைவிடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டதாலும், விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற வன்பொருள் பாதுகாப்பு வசதி கட்டாயம் என்பதாலும், கோத்தகிரி வட்டாரத்தில் பச்சைத் தேயிலைக் கணக்குக்கும் சிட்டா எடுக்கவும் பயன்படும் பழைய கணினிகள், பழுதே இல்லாமல் ஒதுக்கப்படுவது வேதனை அளிக்கிறது. சில கணினிகளில் டிபிஎம் இருந்தும், கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸ் பகுதியில் அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிப் பார்க்காமலேயே புதியது வாங்கச் சொல்வது நியாயமன்று. தகுதியற்ற கணினியில் விண்டோஸ் 11-ஐ வலிந்து ஏற்றித் தரும் கடைக்காரர்கள், அதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும். அத்தகைய கணினிகளுக்கு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்கள் உள்ளன. மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி தடைபடும் நம் மலையில், கோப்புகளைத் தனி வட்டில் நகலெடுத்து, யுபிஎஸ் இணைத்த பிறகே எந்த மாற்றத்தையும் தொடங்க வேண்டும். இவற்றை விளக்கும் முகாம்களை ஊர்ப்புற நூலகங்களில் நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.