ஆண்களிடமும் ‘கர்ப்பமா?’ என்று கேட்கும் படிவங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்த தான தினம். அதையொட்டிக் கல்லூரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் முகாம் அறிவித்து, கூகுள் ஃபார்ம் இணைப்பை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது வழக்கம். அவற்றில் பல, எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கும் ஒரே நீளப் பட்டியல். ‘கர்ப்பமாக இருக்கிறீர்களா?’ என்பதற்கு ஆண்களும் ‘இல்லை’ என்று குறித்தால்தான் படிவம் நகரும். ‘கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி’ கட்டாயக் கேள்வி என்பதால், முதல்முறை கொடுக்க வருபவர் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுவிட்டுப் போகிறார். அந்தத் தேதியே பிறகு அவரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் காரணமாகிவிடுகிறது.

படிவத்தைப் பல பிரிவுகளாகப் பிரித்து, பதிலுக்கு ஏற்ப உரிய பிரிவுக்கு அனுப்பும் வசதி (கிளை பிரித்தல்) அதே ஃபார்மில் இருக்கிறது. கேள்வியின் வலது கீழ் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் ‘கோ டு செக்‌ஷன் பேஸ்டு ஆன் ஆன்சர்’ என்று வரும். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கும், தொட்டால் தெரிவுகள் கீழே விரியும் டிராப்டவுனுக்கும் மட்டுமே இது உண்டு. வயதை எண்ணாக எழுதச் சொன்னாலோ, தேதியைக் காலண்டரில் குறிக்கச் சொன்னாலோ கிளை பிரிக்க முடியாது. ஆகவே வயதை நான்கு தெரிவுகளாகத் தர வேண்டும்: 18-க்குக் கீழ், 18 முதல் 60, 61 முதல் 65, 65-க்கு மேல். 60 வயதைக் கடந்தவர் முதல்முறையாக ரத்தம் கொடுக்க நம் நாட்டு விதிகளில் இடமில்லை. அதனால்தான் 61–65 தனியாக நிற்கிறது. ‘இதற்கு முன் கொடுத்ததுண்டா?’ என்ற கேள்வி அவர்களுக்கு மட்டும் போதும்.

கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம், இரண்டு தானங்களுக்கு இடையிலான இடைவெளி. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள். இரண்டு பதில்களைச் சேர்த்துப் பார்த்து வழி காட்ட இந்தப் படிவத்துக்குத் தெரியாது. முதலில் பாலினத்தைக் கேட்டு, தனித்தனிப் பிரிவு வைத்து, ஒரே கேள்வியை இரண்டு முறை எழுதுவதுதான் வழி. அதிலும் ‘90 நாளுக்குள் கொடுத்தீர்களா?’ என்று எழுதக் கூடாது. படிவம் நிரப்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுபவர்கள்தான் அதிகம். முகாம் நாளில் தகுதி பெற்றுவிடக்கூடியவரும் அதனால் கழன்றுவிடுவார். கணக்கை நாமே போட்டுத் தர வேண்டும். அக்டோபர் 1 முகாம் என்றால், ஆண்கள் பிரிவில் ‘இந்த ஆண்டு ஜூலை 3-க்குப் பிறகு கொடுத்தீர்களா?’, பெண்கள் பிரிவில் ‘ஜூன் 3-க்குப் பிறகு’. ‘ஆம்’, ‘இல்லை’ தவிர ‘நினைவில்லை’ என்பதும் இருக்கட்டும். நினைவில்லை என்பவரை மறிக்காமல் அனுப்புங்கள், முகாமில் மருத்துவர் கேட்டுக்கொள்வார்.

பிரிவுகளை ஒழுங்காக எழுதிய பிறகும் படிவம் சொதப்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். ஒவ்வொரு பிரிவின் அடியிலும் ‘அடுத்த பிரிவுக்குச் செல்’ என்பதே இயல்பாக இருக்கும். அதை மாற்றாவிட்டால், ஆண்கள் பிரிவை முடித்தவர் நேரே பெண்கள் பிரிவில் போய் விழுவார். ஆண்கள் பிரிவின் அடியில் ‘பெயர், தொலைபேசி எண்’ பிரிவைக் குறிப்பிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் புதிதாகச் சேர்க்கும் தெரிவுக்கும் இதே கதைதான். கிளை பிரிக்கும் கேள்வியைக் கட்டாயமாக்கி, பிரிவுக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

பெயரும் எண்ணும் தகுதிக் கேள்விகளுக்குப் பின்னால், எல்லோருக்கும் பொதுவான ஒரே பிரிவில் வர வேண்டும். கிளைதோறும் கேட்டால், பதில்கள் சேரும் விரிதாளில் (ஸ்பிரெட்ஷீட்) பெயருக்கே இரண்டு, மூன்று பத்திகள் விழும். தகுதி இல்லாதவரின் எண்ணை வாங்கி வைப்பதும் வீண்.

பலரும் கவனிக்காத ஒன்று: சமர்ப்பித்ததும் தோன்றும் செய்தி எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் ‘பதிவு முடிந்தது, முகாமுக்கு வாருங்கள்’ என்று எழுதிவைத்தால் 17 வயது மாணவரும் கிளம்பி வந்து நிற்பார். ‘உங்கள் பதில் கிடைத்தது’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, இம்முறை கொடுக்க இயலாது என்பதை அவருக்கான கடைசிப் பிரிவின் விளக்கத்தில் எழுத வேண்டும்.

சில கேள்விகளைக் கிளை பிரிப்பதைவிடக் கேட்காமலே விடலாம். எடை குறைந்தது 45 கிலோ வேண்டும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்கவும் என்பவை முகப்பில் அறிவிப்பாக இருந்தால் போதும். மஞ்சள் காமாலை, எச்ஐவி, மாதவிடாய் பற்றியெல்லாம் முகாமில் மருத்துவர் தனியாகக் கேட்பதே முறை. நாலைந்து தன்னார்வலர்கள் திறந்து பார்க்கும் விரிதாளில் அவற்றுக்கு என்ன வேலை? சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே ஒப்புதல் பொருந்தும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இணைப்பை அனுப்பும் முன், கைபேசியில் ஒவ்வொரு வழியாகவும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். பாதியில் பின்னோக்கிப் போய்ப் பாலினத்தை மாற்றியும் சமர்ப்பித்து, விரிதாளில் என்ன விழுகிறது என்று பார்த்துவிட்டு, சோதனை வரிகளை அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முகாம் பதிவுப் பணியில் உள்ள தன்னார்வலர்கள்,
மதுரை.