ஒரே பந்தியில் இரண்டு இலை

மன்னார்குடி,
மார்கழி 9.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். பேரனுக்குச் சளி விட்டதா என்று அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்; அதற்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அம்மாவிடம் பேசியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஐந்து மாதமாக, அரிசி கோதுமை போன்ற தானியங்களை அடியோடு விட்டுவிடும் பேலியோ உணவில் இருப்பதும் பதினொரு கிலோ குறைந்திருப்பதும் எங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் நீயும் அதில் சேர்ந்தே தீர வேண்டும் என்று அவர் வற்புறுத்துவதும், போன வாரம் அரிசி டின்னில் மீதமிருந்ததை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டதும், அவர் அலுவலகம் கிளம்பிய பிறகு நீ கீழே உள்ள கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பொட்டலத் தாளைக்கூட வீட்டுக் குப்பையில் போடாமல் வெளியே எறிந்துவிட்டு வருவதும் அன்றுதான் தெரிந்தன. அந்தப் பொட்டலத் தாளைப் பற்றி நீ சொன்னதைக் கேட்டபின் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தொலைபேசியில் சொல்ல முயன்றால் பாதியில் குரல் அடைத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டு ஆவணி மாதம் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. நீ அப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரி அளவு எனக்கு 9.2 இருந்தது, 6.5ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். உன் பெரியப்பாவுக்கு இதே நோயால் முழங்காலுக்குக் கீழே கால் எடுத்த வருடமும் அதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவன், மறுநாள் காலையிலேயே இனி இந்த வீட்டில் அரிசி உலை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்துகொண்டு, சம்பா மூட்டைகளுக்கு நடுவில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் வரகோ சாமையோ, இரவில் கொள்ளுக் கஞ்சி என்று ஆயிற்று. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சென்று சிறுதானியத்தைப் பற்றிப் பேசிவந்த காலம் அது. நான் தெரிந்துகொண்டது பாதிதான், ஆனால் என் பிடிவாதத்தில் குறை எதுவும் இல்லை.

எனக்குத்தான் நோய், அம்மாவுக்கு இல்லை. நான் அப்போது 84 கிலோ, அவள் 46 கிலோ. அவளுக்குப் பழைய வயிற்றுப்புண் வேறு உண்டு, கொள்ளு சேர்ந்தால் நெஞ்சு எரியும். இரண்டு பேருக்கு இரண்டு உலை எதற்கு என்று கேட்டு அவளையும் என் பத்தியத்தில் சேர்த்துக்கொண்டேன். அவள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்று அன்று மனதார நம்பினேன். உண்மை அதுவல்ல என்பது பிறகு புரிந்தது. சோறு கொதிக்கும் வாசனையை என்னால் தாங்க முடியவில்லை. என் கண்முன் அவள் ரசம் சோறு பிசைந்தால் நானும் கையை நீட்டிவிடுவேன் என்ற பயம் எனக்கு இருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் லாரி வராததால் பிற்பகல் மூன்று மணிக்கே வீடு திரும்பினேன். வாசற்கதவு தாழிட்டிருந்தது. சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனால், துணி துவைக்கும் கல்லில் எனக்கு முதுகைக் காட்டியபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பக்கத்து வீட்டு எவர்சில்வர் தூக்கு. அதில் பழைய சோறும் மோரும். இடது கையில் ஒரு மோர்மிளகாயை வைத்திருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் முந்தானையை இழுத்துத் தூக்கின் மேல் மூடினாள். இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டுக்கு உலை வைத்தவள், அடுத்த வீட்டில் ஒரு பிடி சோறு கேட்டு வாங்கி, என்னிடமிருந்து அதை மறைத்தாள். அந்த முந்தானை இன்றும் என் கண்ணில் இருக்கிறது. நீ வெளியே எறியும் பொட்டலத் தாளும் அதுவும் ஒன்றுதான் மகளே. அதனால்தான் முதலில் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன்: சாப்பிடுவதை மறைக்காதே. பசிக்குச் சாப்பிடுவதில் குற்றம் எதுவும் இல்லை. மறைத்துச் சாப்பிடும் பெண்ணுக்கு உணவின் மேல் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சம் சாப்பாட்டோடு நில்லாமல் புருஷன் மேல் கசப்பாகத் திரும்ப அதிக நாள் ஆவதில்லை.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய அப்பா 53 வயதில் மாரடைப்பில் போனார். இவருக்கு 34 வயதிலேயே சர்க்கரை 7.8 என்று வந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளதாக 2023இல் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் தன் பெயரும் இருப்பதை ஒரு மனிதன் முதன்முதலில் உணரும்போது அவனைச் சுற்றி எல்லாமே விஷமாகத் தெரியும். தான் விரும்பும் ஆட்கள் அந்த விஷத்தை உண்பதைப் பார்க்கப் பொறுக்காது. நான் அந்த நிலையில் இருந்தவன். "நீயும் சேர்ந்துகொள்" என்று அவர் சொல்வதற்குள் "என்னைத் தனியாக விட்டுவிடாதே" என்பது இருக்கிறது. ஆகவே அரிசி நல்லதா கெட்டதா என்று அவரோடு வழக்காடாதே. அந்த வழக்கில் இருவருமே ஜெயிக்க முடியாது. பேரன் தூங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேள். அம்மா என்னிடம் அதைக் கேட்டிருந்தால் பெரியப்பாவின் காலைப் பற்றி அன்றே சொல்லி அழுதிருப்பேன். அவள் கேட்கும்படி நான் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நாட்களில் அம்மாவை மடக்குவதற்கு நான் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய்க்கு உதிரப்போக்கு நிற்காமல் இருந்தபோது, உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி காந்தியடிகள் கேட்டார். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் உங்களாலும் விட முடியாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்; பிறகு விட்டார், குணமானார். "பார், அவர்கள் விட்டார்கள்" என்று அதோடு முடித்துவிடுவேன். துவைக்கும் கல்லில் அம்மாவைப் பார்த்த பிறகுதான் நான் விட்டுவிட்ட பகுதி நினைவுக்கு வந்தது. அந்தப் பேச்சு வந்தவுடனே, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஓராண்டுக்கு இரண்டையும் விடுகிறேன் என்று காந்தியடிகள்தாம் முதலில் விட்டார். அந்த அம்மாள் பதறிப்போய், நான் விட்டுவிடுகிறேன், நீங்கள் உங்கள் சபதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். அங்கே நோயாளி மனைவி, முதலில் பத்தியத்தை ஏற்றவர் கணவர். எங்கள் வீட்டில் நோயாளி நான், பத்தியத்தை அவள் தலையில் கட்டினேன். 1918இல் காந்தியடிகள் சீதபேதியில் விழுந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது நடந்ததும் உண்டு. பால் குடிப்பதில்லை என்று அவர் விரதம் பூண்டிருந்தார்; பால் இல்லாமல் உடம்பு தேறாது என்றார் மருத்துவர். பசுவையும் எருமையையும் நினைத்துத்தானே விரதம் எடுத்தீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கட்டிலருகே நின்று கேட்டவர் கஸ்தூரிபாய்தான். அந்த விரதத்தில் தாமும் சேர்ந்து கிடக்காமல் அதற்கு வெளியே நின்றதால்தான் அவருக்கு அந்த வழி தெரிந்தது என்று நான் நினைக்கிறேன். உன்னிடமிருந்தும் மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு உதவி தேவைப்படும். அதற்கு நீ உன் இடத்தில் நிற்க வேண்டும்.

உன் உடம்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல வேண்டியது இது. பேரனுக்கு எட்டு மாதம். இன்னும் பால் கொடுக்கிறாய். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் வழக்கத்துக்கு மேல் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை இருக்கிறது. இந்தச் சமயத்தில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்திய தாய்மாரில் சிலருக்கு இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகுந்து, வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அரிதாக நடப்பதுதான், ஆனால் நடக்கக்கூடியது. ஆகவே பால் கொடுக்கும் வரைக்கும் இதில் சேருவது என்ற பேச்சே வேண்டாம். நீ மறுத்ததாக இருக்க வேண்டாம். இருவருமாகக் குழந்தை மருத்துவரிடம் போய், மாப்பிள்ளையையே கேள்வி கேட்கச் சொல். அந்தப் பதில் அவர் காதில் நேராக விழட்டும். பேரனுக்குக் கொடுக்கும் பருப்புச் சோற்றிலும் கேழ்வரகுக் கூழிலும் யாரும் கை வைக்கக்கூடாது. இதில் மட்டும் நீ வளைந்து கொடுக்காதே.

மாப்பிள்ளையின் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவில் போட்டால் சில மாத்திரைகள் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். எனக்குக் கிளிமிபிரைடு எழுதியிருந்தார்கள். நானாகக் கஞ்சியைப் பாதியாக்கிக்கொண்டு ஒரு நாள் கடைத்தெருவில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர் மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்த பிறகுதான் எழுந்தேன். என்ன மாத்திரை, என்ன அளவு, உணவை மாற்றியது மருத்துவருக்குத் தெரியுமா என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள். அரிசி இல்லாத வீட்டிலும் ஒரு டப்பா சர்க்கரை இருக்கட்டும்.

துவைக்கும் கல்லில் அவளைப் பார்த்த மறுவாரமே அம்மாவையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகிலும் 67 கிராம் இருக்கிறது, கேழ்வரகைச் சட்டி நிறையக் குடித்தால் அரிசியை விட்டு என்ன பயன் என்று அவர் கேட்டார். அளவைச் சொல்லிக்கொடுத்தார். அன்று முதல் இந்த வீட்டில் இரண்டு பாத்திரம்: பெரியதில் எனக்குக் காய், சிறியதில் அம்மாவுக்குச் சோறு. எனக்கும் அதிலிருந்து ஒரு கரண்டி உண்டு. சோற்று வாசனை பத்து நாள் வதைத்தது, பிறகு பழகிப்போயிற்று. ஆறு மாதத்தில் என் அளவு 7.1க்கு வந்தது. அம்மா இரண்டு கிலோ ஏறினாள்.

நீயும் அப்படி ஒன்றைச் செய்யலாம். அவருடைய தட்டில் உள்ளவற்றில் உனக்கும் நல்லதாக இருப்பவற்றை மனமுவந்து எடுத்துக்கொள்: கீரை, முட்டை, கொய்யா, மீன், தேங்காய் போட்ட பொரியல். சீனியையும் மைதாவையும் பொரித்த பலகாரத்தையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதில் அவருக்கு உண்மையான துணை கிடைக்கும், உனக்கு நஷ்டமும் இல்லை. உன் சோற்றையும் இட்லியையும் வெளிப்படையாக வைத்துக்கொள். ஆனால் அவர் பனீரும் வெண்டைக்காயும் சாப்பிடும் நேரத்தில் அவர் எதிரில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காதே; முதல் சில மாதங்களுக்காவது அந்த இரக்கம் அவருக்கு வேண்டும். ஒரே நேரத்தில் உட்காருங்கள். பந்தி ஒன்றாக இருந்தால் இலை இரண்டாக இருப்பது பெரிதில்லை.

சமையல் வேலையைப் பற்றியும் கண்டிப்பாகப் பேசிவிடு. காலையில் 100 பாதாம், மதியம் நான்கு முட்டை, இரவில் பனீர் என்று அவருக்கும், உனக்கு வேறாகவும், குழந்தைக்கு மூன்றாவதாகவும் நீ ஒருத்தியே அடுப்படியில் நின்றால் இரண்டு மாதத்தில் படுத்துவிடுவாய். பாதாமை ஊறவைப்பதற்கும் முட்டை வேகவைப்பதற்கும் அவருக்குக் கைகள் இருக்கின்றன. நான் 56 வயதில் வாழைப்பூ ஆயக் கற்றுக்கொண்டேன். இப்போதும் அதை நான்தான் ஆய்கிறேன். தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிற மனிதனுக்கு அடுத்தவர் தட்டைக் கண்காணிக்க நேரம் குறைவாகத்தான் இருக்கும்.

அவரிடம் பேசும்போது அம்மாவின் கதையை நீ சொல்ல வேண்டாம், குத்திக்காட்டுவதாகப் படும். பொங்கலுக்கு மறுவாரம் நாங்கள் வருகிறோம். அவரோடு காலை நடைக்குப் போகும்போது நானே சொல்கிறேன். மாமனார் சொல்லும் புத்திமதியாக இருக்காது. பயந்துபோன ஒருவன் இன்னொருவனிடம் சொல்வதாக இருக்கும்.

அம்மா உனக்குப் பத்துக் கிலோ புதுப் பொன்னி கட்டி வைத்திருக்கிறாள். மாப்பிள்ளைக்காகச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் இரண்டு லிட்டர் வாங்கியாயிற்று. அவருக்குக் கருணைக்கிழங்கு ஆகுமா, சேனை ஆகுமா, நாட்டுக்கோழிக் குழம்பில் எதைத் தவிர்க்க வேண்டும் என்று அவரிடமே கேட்டு ஒரு சீட்டில் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துத்தான் சாமான் வாங்க வேண்டும் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா