‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்ச் சமையல் குறிப்புகளில் எண்ணெய்க்கு அளவு உண்டு, மிளகுக்கு அளவு உண்டு. உப்புக்கு மட்டும் ‘தேவையான அளவு’. மருத்துவப் பக்கமோ ‘உப்பைக் குறையுங்கள்’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்பது இரண்டிலும் இருப்பதில்லை. ரத்த அழுத்தத்தையும் அதன் பின்னால் வரும் பக்கவாதத்தையும் தள்ளிப்போட, செலவே இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. அளவு தெரியாததால்தான் பல வீடுகளில் தொடங்கிய வேகத்தில் நின்றுபோகிறது.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உப்பில் உள்ள சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராம். தூள் உப்பில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் கரண்டிக் கணக்கு ஏமாற்றும். கல் உப்பில் இடையிடையே காற்று நிற்பதால் அதே கரண்டியில் எடை குறையும். குவித்து அள்ளினால் கூடும். அதைவிட, பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ 25 நாளில் தீர்ந்தால் தலைக்கு நாளுக்கு 10 கிராம். 50 நாள் வந்தால்தான் 5. வடித்துக் கொட்டும் நீரில் கொஞ்சம் போகும்தான். வெளியில் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது என்பதையும் மறக்கக் கூடாது.

பத்திலிருந்து ஐந்துக்கு ஒரே நாளில் இறங்கினால் இரண்டாம் வேளையே உப்புச் சாடி சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். நாக்கு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அன்றைக்கான உப்பைக் காலையிலேயே எடைபோட்டு ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்து, நாள் முழுவதும் அதிலிருந்து மட்டுமே போடுவது நல்ல வழி. நான்கு பேருக்கு 40 கிராமில் தொடங்கி, வாரம் 4 கிராம் குறைத்தால் ஐந்து வாரம் கழித்து 20. கொதிக்கும்போது போடும் உப்பு பண்டத்துக்குள் இறங்கிவிடுகிறது. இறக்கும் நேரத்தில் தூவியது நாக்கில் நேராகப் படும், குறைவாகப் போட்டாலும் சுவை தெரியும். அயோடினும் அதிகம் வீணாகாது. இளஞ்சிவப்பு உப்பு, பாறை உப்பு என்று மாறுவதில் லாபமில்லை. நிறம் எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதுவும் பலவற்றில் அயோடின் சேர்ப்பதில்லை.

பாக்கெட் உணவின் அட்டையில் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. இதையே ‘ஒரு பரிமாறலுக்கு 240’ என்று அச்சிட்டால் சாதுவாகத் தெரியும். பரிமாறல் 30 கிராம் என்பது பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதனால் 100 கிராம் கணக்கையே பாருங்கள். 600க்கு மேல் போனால் அதிகம், 120க்குள் இருந்தால் குறைவு. உப்புக் கரிக்காத இடத்திலும் சோடியம் உண்டு. 5 கிராம் சமையல் சோடாவில் ஏறக்குறைய 1,370 மில்லிகிராம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் சுமார் 400. தலைவலிக்கு ஐந்து போட்டால் ஒரு நாள் வரம்பு அதிலேயே முடிந்தது.

சோடியத்தில் ஒரு பங்கைப் பொட்டாசியமாக மாற்றிய உப்பும் கிடைக்கிறது. 75 சதவீதம் சோடியம் குளோரைடும் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைச் சீனாவின் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அழுத்தம் கூடிய முதியவர்கள் என ஏறத்தாழ 21,000 பேரிடம் சோதித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் சில அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. பொட்டாசியம் மிதமிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இவ்வளவும் செய்துவிட்டு ‘எனக்கு ரத்த அழுத்தம் ஒன்றும் இறங்கவில்லை’ என்பவர்கள் உண்டு. கோளாறு பெரும்பாலும் அளக்கும் விதத்தில். உப்பைக் குறைப்பதால் இறங்குவது சராசரியாக நாலைந்து புள்ளி. கையைத் தொங்கவிட்டு அளந்தால் காட்டும் பிழை அதைவிடப் பெரிது. பேசிக்கொண்டே அளந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தாலும், கைப்பட்டை சிறிதாக இருந்தாலும் எண் ஏறும். காபி, புகை, உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரம் போகட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, காலைப் பின்னாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசைமேல், பட்டை இதய உயரத்தில், சட்டைக்கு மேலே அல்லாமல் தோலின்மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையிலும் மாலையிலும், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐ எட்டினால் அதிகம்தான். உப்பைக் குறைக்கும் முன் ஒரு வாரம், 20 கிராமுக்கு வந்து நான்கு வாரம் கழித்து ஒரு வாரம் என அளந்து ஒப்பிட்டால்தான் இறங்கியதா இல்லையா என்பது தெரியும்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் எண் குறைந்ததைப் பார்த்துத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அளந்ததை எழுதிவைத்த குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டினால், தேவைப்பட்டால் மாத்திரையின் அளவை அவர் மாற்றுவார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் குறிப்புகளில் உப்பையும் கிராமில் போடுங்கள், எத்தனை பேருக்கு என்பதோடு. இடம் அரை வரிக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
உணவியல் துறையில் பணிபுரியும் வாசகர்கள்