மாலை ஏழு மணியைக் குடும்பங்களுக்கு விட்டுவிடுங்கள்

தமிழகத்தின் பங்குத்தந்தையருக்கும் பங்கு அருட்பணிப் பேரவையினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தந்தையரே, பேரவை உறுப்பினர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே,

இயேசுவுக்கே புகழ்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீனவப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், பல ஆண்டுகளாக விசுவாசப் பாடமான மறைக்கல்வி கற்பித்து வருகிறேன். முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியோடு மாமியார். உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். மாலை ஏழு முதல் எட்டரை வரையுள்ள நேரத்தை, வாரத்தில் நான்கு நாட்களுக்காவது, பங்கின் எந்தக் கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் எடுக்காதீர்கள். அது குடும்பச் செபத்தின் நேரம். கோவில் மணி அடித்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு செபமாலைச் சத்தம் கேட்ட காலத்தை உங்களில் பலரும் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

இப்போதைய வாரத்தை எண்ணிப் பாருங்கள். திங்களன்று மரியாயின் சேனை என்ற பக்த சபையின் கூட்டம். செவ்வாயன்று புனித அந்தோணியார் நவநாள். புதனன்று சகாய மாதா நவநாள். வியாழனன்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம். மாதத்தின் முதல் வெள்ளியன்று திருஇருதய ஆண்டவர் பக்தியும் நற்கருணை ஆராதனையும். சனிக்கிழமை பாடகர் குழுவுக்குப் பயிற்சி. இவற்றில் ஒன்றைக்கூட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நவநாளில் வாசிக்கப்படும் விண்ணப்பங்களில் எத்தனை வீடுகளின் கண்ணீர் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இவற்றோடு கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாள் திருவிழா, அதற்கு முந்தைய மாதம் முழுவதும் கமிட்டிக் கூட்டங்கள், தவக்காலத்துச் சிலுவைப்பாதை, டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் என்று சேர்த்தால், ஒரு குடும்பம் சேர்ந்து முழந்தாள்படியிட எந்த மாலை மிஞ்சுகிறது? அக்டோபர் மாதத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. செபமாலை மாதம் என்பதால் அன்பிய வாரியாக ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் கூடுகிறோம். தாய் அங்கே இருக்கிறாள், பிள்ளைகள் டியூஷனில் இருக்கிறார்கள், தகப்பன் கடலில் இருக்கிறார். செபமாலை மாதத்தில் தன் வீட்டுக்குள் சேர்ந்து செபமாலை சொல்லாத வீடுகள் எங்கள் தெருவிலேயே பல.

என் வீட்டையே சொல்கிறேன். கூட்டமுள்ள நாட்களில் மாமியார் தனியாக உட்கார்ந்து செபமாலையைச் சொல்லி முடித்துவிடுவார். நாங்கள் ஒவ்வொருவராக வந்து, ஆறிய சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவோம். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டு கூட்டம் ரத்தானது. கரண்டும் போய்விட்டது. எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். முடிவில் மாமியார் வழக்கம்போல இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, "கடலில் கிடக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம்" என்றார். அந்தப் பெயர்களில் ஒன்று யாருடையது என்று என் மகன் கேட்டான். அவனுடைய தாத்தாவின் அண்ணன் அவர். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி இல்லாத மனிதருக்கு வீட்டில் தினமும் ஒரு செபம் இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். இறந்தோர் உயிர்ப்பு என்ற பாடத்தை நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்தப் பாயில் என் மகன் கேட்ட கேள்விகளை வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. "அப்படியென்றால் அவருடைய உடம்பைக் கடவுள் கடலிலிருந்து எடுப்பாரா?" என்று கேட்டான். மாமியார் தயங்கவே இல்லை. "எடுப்பார்" என்றார்.

இந்தப் பதிலைக் கொடுக்க எந்தப் பாடநூலாலும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னாலும் ஆகாது.

மனப்பாடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. புதுநன்மைக்கு முன் செபங்களைப் பிழையின்றிச் சொல்ல வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவள். பெற்ற பிள்ளைகளின் பெயர்களை மறந்துபோன முதியவர்கள் "அருள் நிறைந்த மரியே" என்று எடுத்துக் கொடுத்தால் தடுமாறாமல் முடிப்பதை நோயாளர் சந்திப்பில் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்', 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட பதினாறு பக்கச் சிறுநூல், செபங்களைக் கற்றுக்கொடுக்கும் மறைக்கல்வி நூல்தான். என் கவலை வேறு. செபத்தை வகுப்பில் கற்று, வகுப்பில் ஒப்பித்து, மதிப்பெண் வாங்கியதும் அதன் வேலை முடிந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கிறது. மாலையில் அதைச் சொல்ல வீட்டில் ஓர் இடம் இல்லாவிட்டால் பிள்ளை வேறென்ன நினைக்கும்? உறுதிபூசுதல் முடிந்த மறுவாரமே வகுப்பு காலியாகிறதே என்று ஒவ்வொரு ஆண்டும் பேரவையில் வருந்துகிறோம். அந்தக் காலியிடம் வீட்டில் தொடங்குகிறது.

நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாகப் பிள்ளைகளைத் திரட்டினார் என்பதை நாம் எல்லாரும் பிரசங்கத்தில் சொல்கிறோம். கற்றதை வீட்டுக்குப் போய்த் தகப்பனுக்கும் தாய்க்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளை அவர் ஏவினார் என்று அவருடைய கடிதமே சொல்கிறது. அதை விட்டுவிடுகிறோம். மணி கோவிலுக்கு அழைத்தது, பாடம் வீட்டுக்குப் போனது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது. 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், குடும்பத்தில் நடக்கும் மறைக்கல்வி மற்ற எல்லா மறைக்கல்விக்கும் முந்தியது, அவற்றுக்குத் துணை நிற்பது, அவற்றை வளப்படுத்துவது என்று எழுதினார். பெற்றோரின் இந்தப் பணியை வளர்ப்பது பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டத்தின் 776ஆம் எண் கூறுகிறது. தந்தையரே, வளர்க்க வேண்டும் என்றால் முதலில் அதற்கு நேரம் இருக்க வேண்டும்.

"பெற்றோருக்கு என்ன தெரியும்?" என்று சிலர் கேட்பீர்கள். பெற்றோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். என் வகுப்புப் பையன் ஒருவனின் தகப்பன் வள்ளத்தில் கரையோரத் தொழில் செய்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. வகுப்புக்கு வந்து லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். "எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் டீச்சர்" என்று ஒதுங்கினார். நான் வாசிக்கிறேன், நீங்கள் விளக்குங்கள் என்றேன்.

மீனவர் படகைவிட்டு இறங்கி வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள் என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். "இதை யாராவது கவனித்தீர்களா?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். இரவு முழுவதும் மீன்பாடு இல்லாமல் கரையேறியவனுக்கு உடம்பில் தெம்பு இருக்காது. ஆனாலும் பாசியும் சொத்தையும் போக வலையை அலசி, கிழிந்த கண்ணிகளைப் பார்த்து வைத்த பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். அந்த வேலை முடிகிற நேரத்தில் ஒருவர் வந்து, மறுபடியும் ஆழத்துக்குப் போய் வலையைப் போடு என்கிறார். அதுவும் பட்டப்பகலில், வலை மீனின் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில். "எந்தக் கடல்காரனும் போட மாட்டான். போட்டால் அலசிய வலையை இன்னொரு தரம் அலச வேண்டும். பேதுரு போட்டார் என்றால் மீன் கிடைக்கும் என்று நினைத்துப் போடவில்லை. சொன்னவருக்காகப் போட்டார்" என்றார்.

அன்று அவருடைய மகன் வகுப்பில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தேன். தன் தகப்பனின் வேலைக்கும் நற்செய்திக்கும் தொடர்பு இருக்கிறது என்று அதுவரை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பகுதிக்கு எழுதப்பட்ட விளக்கவுரைகள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். அலசிய வலையின் பாரத்தை எனக்குப் புரியவைத்தவர் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அந்த மனிதர்தான். இவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். நம் பங்குகளில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் பொறுப்பெல்லாம் திருவிழாவில் தேர் தூக்குவதும் வரி கொடுப்பதும்தான். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் வீடுகள் வேறு மாதிரி. அவர்கள் வாரக்கணக்கில் வருவதில்லை. ஆனால் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மறைக்கல்வி ஆண்டு தொடங்குவதும் ஜூனில்தான். தகப்பன்மார் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதங்களில் பிள்ளைகள் மட்டும் வரும் வகுப்பைக் குறைத்து, தகப்பனும் தாயும் பிள்ளையும் சேர்ந்து வரும் வகுப்பை வைத்தால் என்ன? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அங்கே பள்ளி விடுமுறையும் சேர்ந்தே வருகிறது. உள்நாட்டுப் பங்குகளில் அறுவடை, நடவு, செங்கல் சூளை என்று அந்தந்த ஊரின் தொழிலுக்கு ஏற்ற ஓய்வுக் காலத்தை நீங்களே அறிவீர்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தகப்பன்மாரையும் விட்டுவிடக் கூடாது. அங்கே பல நாடுகளில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வாட்ஸ்அப்பில் தகப்பன் பரலோக மந்திரத்தைத் தொடங்க, இங்கே பிள்ளைகள் பதில் சொல்லும் வீடு ஒன்று எனக்குத் தெரியும். மற்ற வீடுகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

மாலையைச் சும்மா விட்டால் செபம் நடக்காது, டிவியும் மொபைலும்தான் ஓடும் என்று பேரவையில் ஒருவர் என்னிடம் சொன்னார். சில வீடுகளில் அப்படித்தான் நடக்கும். குடியால் மாலை வேளையே நரகமாகிப்போன வீடுகளும் உண்டு. அந்தத் தாய்மாருக்கு நவநாள் ஒன்றுதான் மூச்சுவிடும் நேரம், அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வாரம் முழுவதையும் கேட்காமல் நான்கு நாட்களைக் கேட்கிறேன். ஆனால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்தில் எல்லாரையும் கோவிலிலேயே உட்கார வைத்துக்கொண்டால், வீட்டில் செபிக்க அவர்கள் எப்போது பழகுவார்கள்? எப்படித் தொடங்குவது என்று தெரியாத வீடுகளுக்கு அன்பியப் பொறுப்பாளர்கள் போகட்டும். கூட்டம் நடத்த வேண்டாம். அந்த வீட்டாரோடு சேர்ந்து உட்கார்ந்து, செபத்தை எடுத்துச் சொல்ல அவர்களையே விட்டு, பதில் மட்டும் சொல்லிவிட்டு வரட்டும்.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைப் பொதுநிலையினருக்கான திருப்பணியாக நிறுவினார். தகுந்த விவிலிய, இறையியல் பயிற்சி எங்களுக்குத் தேவை என்றும் அதில் சொன்னார். ஊதியம் கேட்டு நான் எழுதவில்லை, கேட்கவும் மாட்டேன். பயிற்சிக்கு அனுப்புங்கள், பஸ் கட்டணத்தைப் பங்கு ஏற்றுக்கொள்ளட்டும். திருவிழாவில் தோரணம் கட்டவும் நன்கொடை ரசீது எழுதவும் வேறு ஆட்களைப் பாருங்கள். எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறைக்கல்வி ஆண்டு தொடங்கும் முன், பங்கின் வார அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு எதை மாற்றலாம் என்று பேரவையில் பேசுங்கள். நவநாளை மாலைத் திருப்பலியோடு சேர்த்து ஏழு மணிக்குள் முடிக்கலாம். அன்பியக் கூட்டத்தை மாதம் இருமுறையாக்கலாம். பாடகர் பயிற்சியை ஞாயிறு மதியத்துக்கு மாற்றலாம். அந்தப் பேரவைக் கூட்டத்தையும் வழக்கம்போல இரவில் வைக்காமல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வையுங்கள். சோறு பொங்கிப் பிள்ளைகளைப் படுக்கவைக்க வேண்டிய பெண்களும் வந்து பேச முடியும். நானும் வருகிறேன்.

ஆண்டவரின் பணியில்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை